கண் திறக்காத அண்ணன்

விண்கலங்கள் இரண்டு. ஒன்று வியாழன் கோளின் நிலாக்களைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று எங்கும் போகவில்லை. தூசியில்லாத ஓர் அறையில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், மேடைமேல் நின்றுகொண்டிருந்தது.

இரண்டும் ஒரே அச்சு. ஒரே சமயத்தில் செய்தவை. மேலே போனதை அண்ணன் என்றும், கீழே நின்றதைத் தம்பி என்றும் அந்த அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

தம்பிக்கு ஒரே வேலைதான். அண்ணனுக்கு அனுப்பப்போகும் கட்டளையை முதலில் அவன் செய்து காட்ட வேண்டும். அவன் சரியாகச் செய்தால்தான் கட்டளை மேலே போகும். "தம்பி என்ன சொல்றான்?" என்பது அங்கே தினமும் கேட்கும் கேள்வி.

கட்டளைகளை எழுதுபவர் ஊசியின் அப்பா.

ஊசி ஐந்தாம் வகுப்பு படித்தாள். ஒல்லியாக இருப்பாள். பேச்சும் நறுக்கென்று குத்தும். அதனால் அந்தப் பெயர். வீட்டில் அப்பாவும் அவளும் மட்டும்தான். பள்ளி விட்டதும் அவள் நேராக அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். பார்வையாளர் கூடத்தில், கண்ணாடிச் சுவரை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அப்பாவின் வேலை முடிந்ததும் இருவரும் வீட்டுக்குப் போவார்கள்.

"நான் ஒண்ணு சொன்னா, அது அண்ணன் காதுக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகுது," என்பார் அப்பா. "உன் காதுக்குப் போக அதைவிட லேட்டாகுது."

"அவனுக்கு அவ்வளவு தூரம். எனக்கு அவ்வளவு வேலை," என்பாள் ஊசி.

தம்பியைக் கவனித்துக்கொள்பவர் முட்டை மாமா. தூசி போகக் கூடாது என்று தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்டிருப்பார். கண்கள் மட்டும் தெரியும். உரித்த முட்டைக்கு மூக்குக் கண்ணாடி மாட்டியதுபோல இருக்கும். ஒருநாள் சாதாரணச் சட்டையில் வந்து, "என்ன ஊசி, சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"நீங்க யாரு சார்?" என்றாள் ஊசி.

அதைச் சொல்லிச் சொல்லி அவர் ஒரு வாரம் சிரித்தார்.

பள்ளிப் பிள்ளைகள் அடிக்கடி விண்கலத்தைப் பார்க்க வருவார்கள். வந்த கொஞ்ச நேரத்தில் சலிப்படைவார்கள். சுவரில் இருந்த மைக்கில் முட்டை மாமாவிடம் கேள்வி கேட்பார்கள். அவர் பதில் ஒலிபெருக்கியில் வரும்.

"மாமா, இது ஓடுமா?"

"ஓடாது."

"பறக்குமா?"

"இவன் பறக்க மாட்டான்."

"அப்ப என்னதான் பண்ணுவான்?"

முட்டை மாமாவுக்கு ரோஷம் வந்துவிடும். "என்ன பண்ணுவானா? இங்க பாரு," என்று ஒரு பொத்தானை அழுத்துவார். தம்பியின் கேமராவுக்கு ஒரு மூடி உண்டு. வழியில் தூசி படாமல் இருக்க வைத்த வட்டமான மூடி. அதை இமை என்பார்கள். பொத்தானை அழுத்தியதும் இமை டக்கென்று திறக்கும். உள்ளே பெரிய கண் மினுங்கும். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள்.

"இன்னொரு தடவை மாமா! இன்னொரு தடவை!"

அதில் மிகப் பெரிய குரல் ஊசியுடையது. அவள் எந்தப் பள்ளிக்கூடம் வந்தாலும் அவர்களோடு சேர்ந்துகொள்வாள்.

அண்ணன் பல வருடங்கள் பயணம் செய்து, பனி மூடிய ஒரு நிலாவின் பக்கத்தில் வந்துவிட்டான். கிளம்பிய நாளிலிருந்து மூடியே இருந்த இமையை இப்போது திறக்க வேண்டும். அப்பா கட்டளை எழுதினார். தம்பி செய்து காட்டினான். கட்டளை மேலே போனது.

முக்கால் மணி நேரம் போக, முக்கால் மணி நேரம் வர. பதில் வந்தது.

இமை திறக்கவில்லை.

அப்பா கட்டளையை மாற்றி எழுதினார். தம்பி டக்கென்று திறந்தான். மேலே அண்ணன் திறக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் வேறு வேறு விதமாக எழுதினார். தம்பி டக்கென்று திறந்தான். அண்ணன் திறக்கவில்லை.

"கொஞ்ச நேரம் அங்கேயே நின்னு, மெதுவா திறந்து பார்க்கச் சொல்லலாமே?" என்று கேட்டாள் ஊசி.

"அவனுக்கு பிரேக் கிடையாது," என்றார் அப்பா. "வெள்ளிக்கிழமை நிலாவைத் தாண்டிப் போயிடுவான். திரும்பி அதே இடத்துக்கு வர மாட்டான்."

"கண்ணை மூடிட்டேவா தாண்டுவான்?"

அப்பா மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். ஊசி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பிருந்தே அவர் இந்த ஒரு நிலாவுக்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தார்.

அன்று மாலை தலைவர் அம்மா கூட்டம் போட்டார். அந்தத் திட்டம் முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. கூட்டம் முடியும்வரை ஊசி கதவுக்கு வெளியே இருந்த நாற்காலியில் காத்திருந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே பேசுவது கேட்டது.

"இமையைச் சுத்தி ஒரு ரப்பர் வளையம் இருக்கே மேடம். இத்தனை வருஷம் மூடியே இருந்ததால ஒட்டிக்கிச்சோ?" என்று யாரோ கேட்டார்.

"நானும் அதைத்தான் முதல்ல நினைச்சேன்," என்றார் தலைவர் அம்மா. "ஆனா தம்பியோட இமையிலயும் அதே ரப்பர்தான். அதே வயசு. அவனுது ஒட்டலையே. சட்டுனு திறக்குதே. அப்ப ரப்பர் காரணமில்ல. மேல இமையைத் திறக்கிற மோட்டார் செத்துப்போச்சு. செத்த மோட்டாரைத் தட்டி எழுப்ப முடியாது."

"என்ன பண்றது மேடம்?" இது அப்பாவின் குரல்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். அப்புறம் கேமராவை நிறுத்திடலாம். அதுக்குப் போற மின்சாரத்தை மத்தக் கருவிகளுக்குக் கொடுத்துடலாம்."

வீட்டுக்குப் போகும் வழியில், இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததை அப்பா கவனிக்கவில்லை. ஊசிதான் அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

மறுநாள் காலை, முந்தின நாளின் டிபன் பாக்ஸ் கழுவாமல் பைக்குள்ளேயே கிடந்தது. அப்பா அலமாரியின் மேல்தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதே கடையில், அதே நாளில், ஜோடியாக வாங்கியது. ஒன்று தினமும் பள்ளிக்குப் போகும். இன்னொன்று வாங்கியதிலிருந்து மேல்தட்டில் இருந்தது.

மூடி வரவில்லை.

அப்பா இழுத்தார். வரவில்லை. கரண்டிக் காம்பை விட்டு நெம்பினார். காம்புதான் வளைந்தது.

"கொடுங்க, நான் பார்க்கிறேன்," என்று ஊசி வாங்கினாள். மூடியை இழுத்ததில் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

"டிபன் பாக்ஸ் ஜெயிச்சிடுச்சு," என்றார் அப்பா.

"இன்னும் ஆட்டம் முடியல."

ஊசி பாத்திரத்தில் சுடுதண்ணீர் ஊற்றி, டிபன் பாக்ஸைத் தலைகீழாக அதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா அதைத் துணியால் பிடித்து மேசையில் மெதுவாகத் தட்டினார். மூடியை இந்தப் பக்கம் கொஞ்சம் திருகினார். அந்தப் பக்கம் கொஞ்சம் திருகினார். ப்ளக் என்று வந்தது. மூடியின் ஓரத்தில் ரப்பர் வளையம் தட்டையாக நசுங்கி, பசைபோல ஒட்டிக் கிடந்தது.

"எவ்வளவு நாளா மூடியே இருந்துச்சோ," என்றார் அப்பா. சாப்பாட்டை அள்ளி வைத்தார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

கணக்கு வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் ஒரு பின்னத்தை எழுதிவிட்டுத் திரும்பினார். ஊசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு. விடை என்ன?"

"மூடி, டீச்சர்."

வகுப்பே சிரித்தது. ஊசி சிரிக்கவில்லை. இரண்டு டிபன் பாக்ஸ். ஒரே வயசு. ஒரே ரப்பர். ஒன்று தினமும் திறந்தது. இன்னொன்று திறக்கவே இல்லை.

பள்ளி விட்டதும் ஓடினாள். மாலைக் கூட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. அப்பாவின் அறைக் கதவு வரை போனாள். கைப்பிடியைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

தூசியில்லாத அறையின் சுவரில் ஒரு விதி எழுதி ஒட்டியிருந்தது: 'சோதனைக்குத் தவிர எதையும் அசைக்கக் கூடாது.' அவள் அதை நூறு தடவை படித்திருக்கிறாள். இப்போதுதான் அதன் அர்த்தம் புரிந்தது.

அவள் திரும்பி நடந்து கண்ணாடிச் சுவருக்கு வந்தாள்.

"மாமா, தம்பியோட இமையை நீங்க எத்தனை தடவை திறந்திருப்பீங்க?"

"கேக்குறது யாரு? போலீஸா?" ஒலிபெருக்கியில் அவர் குரல் கரகரத்தது.

"விளையாடாதீங்க மாமா. சொல்லுங்க."

"சோதனைக்குன்னா கொஞ்சம் தடவைதான். அதையெல்லாம் எழுதி வச்சிருக்கோம்."

"சோதனைக்கு இல்ல. எங்களுக்காக. பள்ளிக்கூடம் வரும்போது."

முட்டை மாமா யோசித்தார். "அது... அதுக்கு எங்க கணக்கு? ஒரு பள்ளிக்கூடம் வந்தா பத்து தடவை கேப்பீங்க. அதுல நீ ஒருத்தியே அஞ்சு தடவை கேப்ப."

"அதான் மாமா அவனுது ஒட்டல."

ஊசி டிபன் பாக்ஸ் கதையைச் சொன்னாள். பாதியிலேயே முட்டை மாமா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, உள்கதவு, நடுக்கதவு, வெளிக்கதவு எல்லாவற்றையும் தாண்டி வெளியே வந்தார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றினார். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது.

"தம்பி இத்தனை நாளா நமக்குப் பொய் சொல்லிட்டிருந்திருக்கான்," என்றார்.

"அவன் பொய் சொல்லல மாமா. அவனுக்குத் திறந்து திறந்து பழகிடுச்சு."

"உங்கப்பாகிட்ட நேராப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே? என்கிட்ட ஏன் வந்த?"

"உங்களைப் பத்திக் கோள் மூட்டின மாதிரி ஆயிடும்."

"நல்லவேளை. இங்க ஒரு கோளைப் பார்க்கவே நேரம் போதல," என்று முட்டை மாமா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. சுவரில் இருந்த விதியைப் பார்த்தார். "வேலை போயிடுமோ என்னவோ."

போகாது என்று சொல்ல ஊசியால் முடியாது. அது அவளுக்குத் தெரியாது.

"நானும் கூட வரேன்," என்றாள். "இன்னொரு தடவைன்னு கேட்டது நான்தானே. பாதித் திட்டு எனக்கு."

"உனக்குப் பாதி, எனக்குப் பாதியா?"

"வேணும்னா எனக்குக் கொஞ்சம் கூட."

முட்டை மாமா தொப்பியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். இருவரும் கூட்ட அறைக்குப் போனார்கள்.

உள்ளே எல்லோரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மகளைப் பார்த்ததும் எழுந்தார். "என்ன ஊசி? உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன்பா. மாமா ஒண்ணு சொல்லணுமாம்."

முட்டை மாமா நின்றபடியே சொன்னார். எதையும் மறைக்கவில்லை. நடுநடுவே, "நான்தான் கேட்டேன்," என்றாள் ஊசி. மூன்றாவது தடவை அவள் அப்படிச் சொன்னபோது தலைவர் அம்மா, "புரிஞ்சுதும்மா," என்றார்.

தலைவர் அம்மா முட்டை மாமா பக்கம் திரும்பினார்.

"விதி சுவர்லயே ஒட்டியிருக்கு," என்றார் தலைவர் அம்மா.

"ஆமா மேடம்."

"நாலு நாளா தம்பி திறக்கிறான், தம்பி திறக்கிறான்னு நானும் சொல்லிட்டே இருந்தேன். அவன் எப்படி வளர்ந்தான்னு நான் ஒரு வார்த்தை கேக்கல." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "திட்டுறதை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வச்சுக்கலாம். இமை செய்யும்போது கூடுதலா ஒண்ணு செஞ்சோமே. அது எங்க?"

"ஸ்டோர்ல இருக்கு மேடம்," என்றார் முட்டை மாமா. "உறைகூடப் பிரிக்கல."

"மூடின இமைதானே அது?"

"செஞ்ச அன்னைக்கு மூடினது."

அதைக் கொண்டுவந்தார்கள். விண்வெளியிலுள்ள குளிர் எவ்வளவோ அவ்வளவு குளிரில் வைக்கும் ஒரு பெட்டிக்குள் அதைப் பொருத்தினார்கள். அப்பா தன் கட்டளையை அனுப்பினார். மோட்டார் உறுமியது. உறுமிக்கொண்டே இருந்தது. இமை அசையவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். வேலை செய்யாத ஒன்றுக்காக அந்த அலுவலகத்தில் கைதட்டியது அதுவே முதல் தடவை.

"மோட்டார் சாகல," என்றார் தலைவர் அம்மா. "ஒட்டித்தான் இருக்கு." பிறகு ஊசியிடம் திரும்பினார். "உங்க வீட்டு டிபன் பாக்ஸை எப்படித் திறந்தீங்க? ஒண்ணு விடாமச் சொல்லு."

"முதல்ல அப்பா பலமா இழுத்தாங்க. வரல. கரண்டி வளைஞ்சுடுச்சு."

யாரோ சிரித்தார். அப்பா மேசையைப் பார்த்தார்.

"அப்புறம் சுடுதண்ணில வச்சோம். அப்புறம் தட்டினாங்க. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருகினாங்க. வந்துடுச்சு."

"கேமராவுக்குள்ள ஒரு சின்ன ஹீட்டர் இருக்கு," என்றார் அப்பா மெதுவாக. "கண்ணாடியில பனி பிடிக்காம இருக்க வச்சது. அதை ஒரு நாள் பூரா ஓட விடலாம். அதுதான் சுடுதண்ணி."

"தட்டுறது?"

"மோட்டாரை முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சம் ஓட்டலாம். ஒரே இழுப்பா வேண்டாம்."

அந்தப் பெட்டியில் அதேபோல ஒரு ஹீட்டரை வைத்து, அப்படியே செய்து பார்த்தார்கள். அன்றும் மறுநாளும் அதுதான் வேலை. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஹீட்டரின் நேரத்தைக் கூட்டினார்கள். இமையின் ஒரு ஓரம் கிளம்பியது. மோட்டாரின் ஆட்டத்தைக் கொஞ்சம் குறைத்து, அதிக தடவை ஆட்டினார்கள். ஒரு கட்டத்தில் ரப்பர் உரியும் சத்தம் கேட்டது. இமை திறந்தது. டக்கென்று அல்ல. தூங்கி எழுபவன் திறப்பதுபோல.

அப்பா கட்டளையைக் கடைசியாக ஒருமுறை படித்தார். மேலே அனுப்பினார்.

ஹீட்டர் ஒரு நாள் ஓட வேண்டும். அதனால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஊசி பள்ளிக்குப் போனாள். பின்னக் கணக்குகளைச் சரியாகப் போட்டாள். மாலையில் வந்தபோது அப்பாவின் திரைக்கு முன்னால் கூட்டமாக நின்றார்கள். முட்டை மாமாவும் அங்கே இருந்தார், சாதாரணச் சட்டையில். அவள் நுழைய இடம் விட்டார்.

திரையில் எண்கள்தான் வரும். ஊசிக்கு அவை புரியாது. அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள். அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்துகொண்டிருந்தார்.

எண்கள் மாறின. பேனா நின்றது.

"திறந்துட்டான்," என்றார் அப்பா.

அவ்வளவுதான் சொன்னார். மற்றவர்கள் சத்தம் போட்டார்கள். முட்டை மாமா பக்கத்தில் நின்ற யாரையோ கட்டிப்பிடித்தார். அது தலைவர் அம்மா என்று தெரிந்ததும் சட்டென்று விலகி, "மன்னிச்சுக்கோங்க மேடம்," என்றார்.

"இதையும் சேர்த்து வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் திட்டுறேன்," என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை அண்ணன் நிலாவைத் தாண்டினான். படங்கள் சனிக்கிழமை காலை வரத் தொடங்கின. ஊசிக்குப் பள்ளி விடுமுறை. படம் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக வந்தது. முதலில் கறுப்பு. அப்புறமும் கறுப்பு. பிறகு ஒரு வெள்ளை விளிம்பு. அதற்குக் கீழே பனித்தரை, அதன் குறுக்கும் நெடுக்கும் பழுப்பு நிறக் கோடுகள். பெரிய பெரிய வெடிப்புகள். அவற்றுக்குள் நிழல்கள். அதுவரை யாரும் அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்காத இடம் அது.

எல்லோரும் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்தார்கள்.

தலைவர் அம்மா முட்டை மாமாவைக் கூப்பிட்டார். அவர் வந்து தலையைக் குனிந்து நின்றார்.

"திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடம் வருதாமே?"

"ஆமா மேடம். வர வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? வரட்டும். இமையைத் திறந்து காட்டுங்க. ஆனா எத்தனை தடவைன்னு எழுதி வைங்க. நானும் இனிமே அதைக் கேட்டுப் படிக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "திட்டு அவ்வளவுதான்."

முட்டை மாமா ஊசியைப் பார்த்தார். "உன் பாதி எங்க?" என்று கிசுகிசுத்தார்.

"எனக்கு வர்றதுக்குள்ள தீர்ந்துடுச்சு மாமா," என்றாள் ஊசி.

அவள் திரையின் பக்கத்தில் போய் நின்றாள். நிலாவின் விளிம்புக்கு அப்பால், கறுப்பில், மங்கலாக ஒரு புள்ளி இருந்தது.

"இது என்னப்பா? தூசியா?"

"இல்ல. அது இன்னொரு நிலா. மழைக்காலம் முடியும்போது அதுக்குப் பக்கத்துல போவான்."

"மறுபடி இமையை மூடி, மறுபடி திறக்கணுமா?"

"வேண்டாம். திறந்தபடியே இருக்கட்டும்னு மேடம் சொல்லிட்டாங்க. தூசி பட்டாலும் பரவாயில்ல."

ஊசி தலையாட்டினாள். அப்பா நாற்காலியைத் தள்ளி அவளுக்கு இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். அடுத்த படம் வரத் தொடங்கியது. வெகுதூரத்தில் அண்ணன் கண்ணைத் திறந்தபடி போய்க்கொண்டிருந்தான்.